மரவள்ளியைத் தேடி வந்த மாவுப்பூச்சி: கண்டம் தாண்டிய ஒரு பயிரின் நிகழ்வு ஆய்வு

1973-இல் காங்கோ ஆற்றின் இரு கரைகளிலும், கின்ஷாசாவையும் பிராசவில்லையும் சுற்றியிருந்த மரவள்ளித் தோட்டங்களில், அங்கே யாரும் அதுவரை பார்த்திராத ஒரு மாவுப்பூச்சி தென்பட்டது. முதலில் குருத்தில்தான் அது வந்து அடையும். சாற்றை உறிஞ்சும்போது அதன் உமிழ்நீரில் இருக்கும் நச்சு செடிக்குள் இறங்கும். கணுவிடைகள் நீளாமல் குறுகி, இளம் இலைகள் சுருண்டு கொத்தாக நின்றுவிடும். வறட்சி நீண்டால் செடியே மொட்டையாகும். கிழங்கு விளைச்சல் 80 விழுக்காடு வரை வீழ்ந்த இடங்கள் உண்டு. காங்கோ மக்களுக்கு மரவள்ளி இலை அன்றாடக் கீரையும்கூட. அதுவும் கைவிட்டுப் போனது. இவற்றைவிடக் கொடியது நடவுத்தண்டின் இழப்பு. மரவள்ளியை யாரும் விதை தூவி வளர்ப்பதில்லை. முதிர்ந்த தண்டைக் கரணைகளாக வெட்டித்தான் நடுவார்கள். பூச்சி உறிஞ்சிய தண்டு சரியாக முளைக்காது என்பதால் அடுத்த பருவமும் சேர்ந்தே கெட்டது.

பாரிஸைச் சேர்ந்த பூச்சியியலாளர் டேனியல் மாதில்-ஃபெரேரோ 1977-இல் இதைப் புதிய இனமாக விவரித்தார். ஃபினகாக்கஸ் மானிஹோட்டி என்ற பெயர் அப்போது வந்தது. விவரிக்கப்பட்ட மாதிரிகள் காங்கோவில் பிடித்தவை. ஆனால் பூச்சி ஆப்பிரிக்காவுக்கு உரியதல்ல என்பதில் பெரிதாக ஐயம் எழவில்லை. மரவள்ளியே அங்கு வந்தேறிய பயிர். அதைவிட்டு வேறெதையும் அதிகம் தீண்டாத பூச்சி, அந்தப் பயிரின் பிறப்பிடத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அந்தப் பிறப்பிடத்தில் எந்த மூலை என்ற கேள்விக்கு விடை கிடைக்கச் சில ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளில் பூச்சி கரணைக் கட்டுகளோடு எல்லை தாண்டியது, காற்றோடும் பறந்தது. 1979-இல் நைஜீரியாவிலும் பெனினிலும் இருந்தது. 1980களின் முடிவுக்குள் ஆப்பிரிக்காவின் மரவள்ளி நிலப்பரப்பில் பெரும்பகுதியை எட்டிவிட்டது. ஏறக்குறைய 20 கோடி மக்கள் அந்தக் கிழங்கை நம்பியிருந்தார்கள்.

இந்த நிகழ்வை ஒரு பூச்சிப் படையெடுப்பு என்று மட்டும் வாசித்தால் பாதிதான் புரியும். இதன் முதல் அத்தியாயம் 16-ஆம் நூற்றாண்டில் இருக்கிறது.

கப்பலேறியது எது, ஏறாதது எது

மரவள்ளியின் காட்டு மூதாதை அமேசான் படுகையின் தெற்கு விளிம்பில் இன்றும் வளர்கிறது. அங்கே பழங்குடி மக்கள் அதைப் பயிராக்கினார்கள். கசப்பு வகைகளில் உள்ள சயனைடு நச்சைத் துருவி, பிழிந்து, வறுத்து நீக்கும் நுட்பத்தையும் அவர்கள்தான் கண்டார்கள். பிரேசிலில் இறங்கிய போர்த்துகீசியர் அந்த மாவு மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதைப் பார்த்தார்கள். அதைக் கடற்பயண உணவாக்கினார்கள், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கடத்தப்பட்ட மனிதர்களுக்குப் படியளக்கவும் பயன்படுத்தினார்கள். அட்லாண்டிக் குறுக்கே மனிதர்களை மேற்கே கொண்டுபோன அதே வணிகம்தான் இந்தச் செடியைக் கிழக்கே கொண்டுவந்தது. காங்கோ, அங்கோலாக் கடற்கரையில் 16-ஆம் நூற்றாண்டில் அது வேரூன்றியது. 18-ஆம் நூற்றாண்டில் இந்தியப் பெருங்கடல் தீவுகள் வழியாகக் கிழக்குக் கரையையும் எட்டியது.

ஆப்பிரிக்க உழவர்கள் அதை ஏற்றுக்கொண்டதற்குக் காரணங்கள் உண்டு. மெலிந்த மண்ணிலும் விளையும், மழை பொய்த்தாலும் தாங்கும். வெட்டுக்கிளி இலையைத் தின்றுவிட்டாலும் கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். அறுவடைக்கென்று நாள் குறிக்க வேண்டியதில்லை. ஓராண்டு, இரண்டாண்டு மண்ணிலேயே விட்டுவைத்துத் தேவைப்படும்போது தோண்டலாம். காலனி அரசுகள் பின்னாளில் இதைப் பஞ்சக் காப்புப் பயிராக வற்புறுத்தி நடவைத்ததும் இதனால்தான்.

கண்டம் மாறும் பயிர் தனியாக வருவதில்லை என்று பொதுவாகச் சொல்வோம். மரவள்ளி ஏறக்குறைய தனியாகத்தான் வந்தது. அதன் தாய்நிலத்தில் அதை உறிஞ்சும் மாவுப்பூச்சிகள், சுரண்டும் சிலந்திப்பேன்கள், அவற்றைத் தின்று வாழும் குளவிகள், பொறிவண்டுகள் என்று ஓர் உலகமே அதைச் சுற்றி இருந்தது. கப்பலேறியது கரணை மட்டும். ஏறக்குறைய 400 ஆண்டுகள் ஆப்பிரிக்க மரவள்ளி தன் பழைய பகைகளில் பலவற்றைச் சந்திக்காமல் வளர்ந்தது. அதன் பெயர் பெற்ற தாங்குதிறனில் ஒரு பங்கு செடியுடையது, இன்னொரு பங்கு இந்தப் பகையில்லாமையுடையது என்பது என் கணிப்பு. உழவர்களோ அரசுகளோ இந்த இரண்டாம் பங்கைக் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. எடுத்துக்கொள்ள வழியும் இல்லை, இல்லாத ஒன்றைத் தோட்டத்தில் யாரும் பார்க்க முடியாது.

வந்த இடத்தில் ஒரு புதிய பகை மட்டும் சேர்ந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் 1894-இல் பதிவான தேமல் நோய். அதன் வைரஸ் ஆப்பிரிக்க மண்ணுக்கே உரியது. அங்கிருந்த வேறு செடிகளிலிருந்து வெள்ளை ஈ வழியாக வந்தேறிப் பயிருக்குத் தாவியது. இந்த வேறுபாடு முக்கியமானது, பின்னால் மீண்டும் வரும். 1971-இல் உகாண்டாவில் தென் அமெரிக்கப் பச்சைச் சிலந்திப்பேன் தென்பட்டது, 1973-இல் மாவுப்பூச்சி. இந்த இரண்டும் பழைய பகைகள், 4 நூற்றாண்டு தாமதித்து வந்தவை. கப்பலில் வாரக்கணக்கில் காய்ந்த கரணையில் பிழைக்க முடியாத உயிர், விமானத்தில் ஒரே நாளில் வரும் பசுந்தண்டில் எளிதாகப் பிழைக்கும். மாவுப்பூச்சி எந்தப் பொதியில் வந்தது என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் அது வந்த காலம், விமானப் போக்குவரத்துப் பெருகிய காலத்தோடு ஒத்துப்போகிறது.

இந்த இனத்தில் ஆண் கிடையாது. பெண், ஆணின்றியே பெண் குஞ்சுகளைப் பெறும். ஆகவே புதிய கண்டத்தைப் பிடிக்க ஒரே ஒரு பூச்சி வந்திறங்கினால் போதும்.

தேடல், அதில் ஒரு தவறான திருப்பம்

மருந்து அடிப்பது வழியாக இருக்கவில்லை. பூச்சியின் மெழுகுப் பூச்சு மருந்தை உள்ளே விடாது, சுருண்ட இலை அதை மறைக்கும். அந்த இலையைத்தான் வீட்டில் கீரையாகச் சமைக்கிறார்கள். கால் ஹெக்டேர், அரை ஹெக்டேர் வைத்திருக்கும் உழவரிடம் மருந்துக்கும் தெளிப்பானுக்கும் பணம் இல்லை. எதிர்ப்புத்திறனுள்ள ரகத்தை உருவாக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். நைஜீரியாவின் இபதான் நகரிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் 1979-இல் சேர்ந்த சுவிஸ் பூச்சியியலாளர் ஹான்ஸ் ருடால்ஃப் ஹெரன் வேறு வழியை முன்வைத்தார். பூச்சியின் தாய்நிலத்துக்குப் போய் அங்கே அதை அடக்கி வைத்திருக்கும் உயிரைக் கண்டுபிடித்துக் கொண்டுவருவது அவர் யோசனை.

அந்த யோசனை புதிதல்ல. 1888-இல் கலிஃபோர்னியாவின் எலுமிச்சைத் தோட்டங்களை அழித்த செதிள்பூச்சிக்கு ஆல்பர்ட் கோபெலே ஆஸ்திரேலியாவிலிருந்து பொறிவண்டைக் கொண்டுவந்து வென்றிருக்கிறார். புதிது அளவுதான். ஒரு பள்ளத்தாக்கு, ஒரு தோட்டம் என்று இல்லாமல் கண்டத்தின் பாதிக்கு இதைச் செய்ய வேண்டியிருந்தது.

1980-இல் தொடங்கிய தேடல் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா வழியாகத் தென் அமெரிக்காவின் வடபகுதியை எட்டியது. அங்கே மரவள்ளியில் அச்சு அசலாக அதே போன்ற மாவுப்பூச்சி கிடைத்தது. அதன் மேல் வாழும் ஒட்டுண்ணிக் குளவிகளையும் திரட்டினார்கள். ஆனால் அந்தக் குளவிகள் ஆப்பிரிக்கப் பூச்சியில் வளரவில்லை. கூர்ந்து பார்த்தபோது வட தென் அமெரிக்கப் பூச்சியில் ஆணும் பெண்ணும் இருப்பது தெரிந்தது. வகைப்பாட்டியலாளர்கள் காக்ஸும் வில்லியம்ஸும் 1981-இல் அதைத் தனி இனமாகப் பிரித்து, ஹெரனின் பெயராலேயே ஃபினகாக்கஸ் ஹெரேனி என்று அழைத்தார்கள்.

இந்த நிகழ்வில் நான் அதிக நேரம் நின்று பார்த்த இடம் இதுதான். நுண்ணோக்கியின் அடியில் பூச்சியின் மெழுகுத் துளைகளை எண்ணி இனம் பிரிக்கும் வேலைக்குப் பெரும்பாலான வேளாண் திட்டங்களில் பணம் ஒதுக்குவதே அரிது. அந்த வேலை சரியாக நடந்திராவிட்டால், பொருந்தாத குளவிகளை ஆயிரக்கணக்கில் வளர்த்துப் பறக்கவிட்டு, உயிரியல் கட்டுப்பாடு தோற்றுவிட்டது என்று கோப்பை மூடியிருப்பார்கள். மக்கள் அதன் பிறகும் பசியோடு இருந்திருப்பார்கள். வகைப்பாட்டியலாளருக்கு ஒரு பதவி குறைக்கப்படும்போதெல்லாம் இந்த 1981-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும்.

உண்மையான பூச்சியை அதே ஆண்டு பராகுவேயில் கண்டவர் ஆண்டனி பெல்லோட்டி. கொலம்பியாவின் காலியில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் மையத்தின் பூச்சியியலாளர் அவர். பின்னர் பொலிவியாவிலும் பிரேசிலின் மாட்டோ குரோசோ டோ சுல் பகுதியிலும் அது கிடைத்தது. இவ்வளவு தேடியும் ஏன் கண்ணில் படவில்லை? தாய்நிலத்தில் அது அரிதான பூச்சி. அங்கே அதற்கு எதிரிகள் இருப்பதால் பெருகவில்லை. பெருகாததால் யாரும் அதைத் தொல்லையாகக் கருதவில்லை. ஆகவே எந்தப் பூச்சிப் பட்டியலிலும் அது ஏறவில்லை. ஒரு கண்டத்தின் பேரழிவு இன்னொரு கண்டத்தில் பெயர்கூட இல்லாமல் இருந்தது.

லண்டன் வழியாக இபதான்

பராகுவேயில் திரட்டிய உயிர்களை நேரே ஆப்பிரிக்காவுக்கு அனுப்பவில்லை. லண்டன் அருகிலுள்ள தனிமைப்படுத்தல் ஆய்வகத்தில் முதலில் வைத்து வளர்த்தார்கள். மரவள்ளி திறந்தவெளியில் விளையாத குளிர்நாடு என்பதால் ஏதேனும் தப்பினாலும் அங்கே பிழைக்காது. குளவிக்குள்ளும் குளவி இருக்கும்; ஒட்டுண்ணியை உண்ணும் ஒட்டுண்ணி அது. அதைத் தவறிக் கொண்டுவந்தால் மருந்தோடு மருந்தின் முறிவையும் சேர்த்து இறக்கியதாகும். பல தலைமுறை வளர்த்துச் சலித்த பிறகே இபதானுக்கு அனுப்பினார்கள்.

இந்த முன்னெச்சரிக்கையை வீண் தாமதம் என்று அன்றும் சிலருக்குத் தோன்றியிருக்கலாம். எதிர்ப்பக்க எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. 1935-இல் கரும்பு வண்டை அடக்க ஹவாயிலிருந்து குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்த அமெரிக்கத் தேரை வண்டை விட்டுவிட்டு அகப்பட்டதையெல்லாம் தின்றது. அதன் நஞ்சால் அதைத் தின்ற உள்ளூர் விலங்குகள் மடிந்தன. அது இன்றும் பரவிக்கொண்டிருக்கிறது. எதையும் தின்னும் உயிரைக் கண்டம் தாண்டிக் கொண்டுவருவதும், ஒரே பூச்சியை நம்பி வாழும் உயிரைக் கொண்டுவருவதும் ஒன்றல்ல. பராகுவேயில் கிடைத்த அனாகிரஸ் லோபெசி என்ற குளவி இரண்டாம் வகை.

அதன் பெண் குளவியின் நீளம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவு. ஒரு மாவுப்பூச்சிக்குள் ஒரு முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று, பழுப்பு நிறக் கூடாக மாற்றி, குளவியாக வெளியேறும். முட்டை வைக்காத பூச்சிகளையும் கொட்டிச் சாற்றை உறிஞ்சிக் கொல்லும். தாக்குண்ட மரவள்ளி வெளியிடும் மணத்தை அடையாளம் கண்டு வருவதால், பெரிய தோட்டத்தில் ஒரே ஒரு செடி பாதிக்கப்பட்டிருந்தாலும் தேடிப் பிடிக்கும். பூச்சி அருகிப்போன காலத்திலும் அதைக் கண்டுபிடிக்கும் இந்தத் திறன்தான் லோபெசியின் வெற்றிக்கு முதற்காரணம் என்று நினைக்கிறேன். கூடவே பொறிவண்டுகளையும் விட்டுப் பார்த்தார்கள். அவை கூட்டம் நிறைந்த இடத்தில் தின்னும், கூட்டம் குறைந்தால் போய்விடும். பெரிய பலன் தரவில்லை.

1981 நவம்பரில் நைஜீரியாவின் தென்மேற்கில் முதன்முதலாகக் குளவியை விட்டார்கள். அது மழைக்காலத்தைத் தாண்டிப் பிழைத்தது. 3 ஆண்டுகளுக்குள் சுமார் 2 லட்சம் சதுர கிலோமீட்டரில் காணப்பட்டது. அதன் பிறகு வேலை பூச்சியியலைவிட நிர்வாகத்தைச் சார்ந்ததாகியது. ஒவ்வொரு நாட்டின் அனுமதி, அந்நாட்டு ஊழியர்களுக்குப் பயிற்சி, குளவி வளர்க்கும் கூடங்கள், சாலையில்லாத இடங்களுக்கு விமானத்திலிருந்து விடுவிக்கும் ஏற்பாடு என்று அது விரிந்தது. திட்டத்தின் தலைமையிடம் பெனினின் கொட்டோனு நகருக்கு மாறியது. 1990 வாக்கில் குளவி 25-க்கும் மேற்பட்ட நாடுகளில், ஏறக்குறைய 27 லட்சம் சதுர கிலோமீட்டரில் நிலைகொண்டிருந்தது. இதற்காக எந்த உழவரும் ஒரு காசு கொடுக்கவில்லை. தங்கள் தோட்டத்துக்கு இப்படி ஒன்று வந்திருப்பதே பலருக்குத் தெரியாது.

குளவிதான் காரணமா?

பூச்சி குறைந்தது உண்மை. குளவியால்தான் குறைந்ததா, மழையாலா என்பது நியாயமான கேள்வி. மாவுப்பூச்சி வறட்சியில் பெருகி மழையில் கழுவுண்டு போவது வழக்கம்தான். திட்டத்தின் பூச்சியியலாளர் பீட்டர் நொயென்ஷ்வாண்டரும் உடன் உழைத்தவர்களும் இதை வயலிலேயே சோதித்தார்கள். சில குருத்துகளை நுண்வலைத் துணிப்பையால் மூடிக் குளவியை விலக்கினார்கள். ஒப்பிட வேறு சில குருத்துகளுக்குத் திறந்த பை போட்டார்கள். வேறு சில இடங்களில் குளவியை மட்டும் கொல்லும் அளவில் மருந்து தெளித்தார்கள். குளவி விலக்கப்பட்ட இடங்களிலெல்லாம் பூச்சி பெருகியது. அதே மழையில் நனைந்த, குளவி உலவிய செடிகளில் அது அடங்கியே இருந்தது. கானாவின் சவன்னாப் பகுதித் தோட்டங்களில் எடுத்த கணக்கெடுப்பு, குளவியால் ஹெக்டேருக்குச் சுமார் 2.5 டன் கிழங்கு மிஞ்சியதாகக் காட்டியது.

1988-இல் பொருளியலாளர் ரிச்சர்ட் நார்கார்ட் செலவு, பயன் இரண்டையும் ஒப்பிட்டு 1-க்கு 149 என்ற விகிதத்தைத் தந்தார். இந்த எண் பலரால் எடுத்தாளப்படுகிறது. ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

வெற்றி எல்லா இடத்திலும் ஒரேபோல் இல்லை. மணற்பாங்கான, சத்து வற்றிய, மூடாக்கு இல்லாத நிலங்களில் பூச்சி பிறகும் தலைதூக்கியது. காரணம் நுட்பமானது. லோபெசி பெரிய மாவுப்பூச்சியில் பெண் முட்டையும் சிறிய பூச்சியில் ஆண் முட்டையும் வைக்கும். மெலிந்த மண்ணில் வளரும் செடி மெலியும், அதை உறிஞ்சும் பூச்சியும் சிறுக்கும். அப்போது குளவிக் கூட்டத்தில் ஆண்கள் மிகுந்து, முட்டையிடும் பெண்கள் குறைந்துவிடும். மண்ணைத் தேற்றாமல் குளவியை மட்டும் விட்டால் அங்கே வேலை அரைகுறையாகவே நிற்கும். மூடாக்கும் எருவும் இட்ட வயல்களில் குளவி நன்றாக வேலை செய்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 149 என்ற எண்ணைச் சொல்பவர்கள் இந்தப் பகுதியை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள்.

பூச்சியின் அடுத்த கண்டம்

2008-இல் அதே மாவுப்பூச்சி தாய்லாந்தில் இறங்கியது. உலகின் மிகப் பெரிய மரவள்ளி ஏற்றுமதியாளர் அந்நாடு. 2009-இல் சுமார் 3 கோடி டன்னாக இருந்த விளைச்சல் அடுத்த ஆண்டு சுமார் 2.2 கோடி டன்னாகச் சரிந்தது. வறட்சிக்கும் அதில் பங்குண்டு. ஆனால் இம்முறை தேடல் தேவைப்படவில்லை. பெனினிலிருந்து 500 குளவிகள் 2009-இல் தாய்லாந்து சென்றன. சோதித்துப் பெருக்கி, 2010-இல் வயல்களில் விட்டார்கள். 2010-இல் பூச்சி தென்பட்ட இந்தோனேசியாவுக்கு 2014-இல் தாய்லாந்திலிருந்து குளவி போனது. இந்தியாவில் 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் பூச்சி பதிவானது. பெங்களூருவிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் பெனினிலிருந்து குளவியைத் தருவித்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வெளியிட்டது. ஆப்பிரிக்காவில் முதல் அறிகுறியிலிருந்து முதல் குளவி வரை 8 ஆண்டுகள் ஆயின. ஆசியாவில் இரண்டு முதல் நான்கு ஆண்டுகள்தான். இடைப்பட்ட காலத்தில் குளவியை உயிரோடு பேணிய நிறுவனமும், யார் கேட்டாலும் கொடுத்த மனமும் இதற்குக் காரணம்.

தேமல் நோய்க்கு இந்த வழி உதவாது. அது மரவள்ளியின் பழைய பகை இல்லை, வந்த இடத்தில் பிடித்தது. அமேசான் ஓரத்தில் அதற்கு எதிரியைத் தேடிப் போக முடியாது. அங்கே அந்த நோயே இல்லை. 1930களில் தாங்கானிக்காவின் (இன்றைய தான்சானியா) அமானி வேளாண் ஆய்வு நிலையத்தில் மரவள்ளியை அதன் உறவுச் செடியான சியாரா ரப்பரோடு கலந்து எதிர்ப்புத்திறனை வளர்த்தார்கள். பின்னர் மேற்கு ஆப்பிரிக்க உழவர்கள் தலைமுறைகளாகக் காத்துவந்த நாட்டு ரகங்களில் இன்னும் வலுவான ஒரு மரபணுக்கூறு கிடைத்தது. அது இல்லாத வயல்கள் இன்றும் திறந்தே கிடக்கின்றன. இலங்கை, தென்னிந்திய மரவள்ளியில் காணப்பட்ட இன்னொரு வகைத் தேமல் வைரஸ் 2015-இல் கம்போடியாவில் தென்பட்டு, வியட்நாம், தாய்லாந்து என்று கரணைக் கட்டுகளோடு நகர்ந்துவிட்டது. மாவுப்பூச்சியிலிருந்து அப்போதுதான் மீண்ட அதே தாய்லாந்து வயல்கள் அவை.

இந்தத் தேமல் நோய் இன்னும் அட்லாண்டிக்கைக் கடக்கவில்லை. கடந்தால், அதைக் கண்டதே இல்லாத தென் அமெரிக்க மரவள்ளிக்குத் தாங்கும் வலு பெரும்பாலும் இருக்காது. அதனால் காலி மையத்தின் ஆய்வாளர்கள், நோய் வருவதற்கு முன்பே, ஆப்பிரிக்க நாட்டு ரகங்களின் அந்த எதிர்ப்பு மரபணுக்கூறைக் கொலம்பியாவுக்குக் கொண்டுவந்து தென் அமெரிக்க ரகங்களோடு கலந்து வருகிறார்கள்.